பாதிப் பாட்டில் நிறுத்திய மைக்

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் மைக்கைப் போட்டதுமே ‘கூ’வென்று ஊளையிட்டது. வந்திருந்தவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. “ஸ்பீக்கருக்கு நேரா மைக்க நீட்டுனா கூவாம இன்னா பண்ணும்? திருப்பி வெய்யா” என்று நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எரிச்சலோடு முணுமுணுப்பதுபோல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். அங்கே கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

வேங்கிக்காலில் இன்று பேரிடர் மேலாண்மைக் கூட்டம். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். வெள்ளம், புயல், பூகம்பம் வந்தால் ஊர் என்ன செய்ய வேண்டும் என்று பேசுகிற கூட்டம், அவ்வளவுதான். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் ‘பெரும் பேரிடர்கள் கற்றுத்தந்த பாடங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். குஜராத்தில் இடிந்த வீடுகள், ஒரிசாவில் புயல் சாய்த்த தென்னைகள், நம் கடலூர்க் கரையில் குப்புறக் கிடந்த படகுகள். மகளிர் குழு சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். போன மழையில் நம் தெரு எப்படிக் காலியானது என்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். ஏதோ நாலு வார்த்தை சொன்னேன். கைதட்டினார்கள். சொன்னதைவிட விழுங்கியதுதான் ஜாஸ்தி. அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆள் ஏது? நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்களோடு போட்ட சண்டை மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மைக் செட்காரர் என்று சொன்னால்தான் நம் பக்கத்து ஊர்களில் உங்களைத் தெரியும். இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி, ஒரு லாரி பேட்டரி, கொஞ்சம் சீரியல் விளக்குச் சரம். அதுதான் நம் சொத்து. காதுகுத்தா, வளைகாப்பா, கூழ் ஊற்றுகிற திருவிழாவா, எதுவானாலும் உங்கள் ஸ்பீக்கர்தான் முதலில் மரத்தில் ஏறும். நம் கல்யாணத்துக்கே நீங்கள்தானே மைக் செட்! அடுத்தவன் கையில் விட மனசு வரவில்லை உங்களுக்கு. தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் ஒயர் கழன்று பாட்டு நின்றதும் மணவறையிலிருந்து எழுந்து ஓடப் பார்த்தீர்கள். என் அப்பா தோளை அழுத்தி உட்காரவைத்தார். “யப்பா, மொதல்ல இந்த வேலைய முடி, அப்புறம் அந்த வேலைக்குப் போ” என்றார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே உங்களை எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

தீபத்துக்குத் தீபம் திருவண்ணாமலையில் உங்களுக்கு வேறு வேலை. தேரடித் தெருவில் ஒரு பந்தலுக்குள் உட்கார்ந்து, கூட்டத்தில் காணாமல் போனவர்களை அறிவிப்பீர்கள். ஒருமுறை நானும் கூட இருந்தேன். யாரோ ஒரு சின்னப் பெண் குழந்தையைத் தூக்கிவந்து உங்கள் மேஜைமேல் உட்காரவைத்தார்கள். அது வீறிட்டுக்கொண்டிருந்தது. “அழுவாதடா கண்ணு. உங்கம்மா பேரு இன்னா? சொல்லு, மைக்குல கூப்புடலாம்” என்று மைக்கை அதன் வாயருகே பிடித்தீர்கள். அது தேம்பிக்கொண்டே “அம்மா” என்றது. அந்த ஒரு சொல் கோபுரம் வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி தலை கலைந்து, செருப்பில்லாமல் ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். உங்கள் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. கூப்பிட்டால் ஜனங்கள் வருவார்கள் என்று அங்கேதான் உங்களுக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைதான் உங்களைத் தின்றது என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

கூட்டத்தில் நம் ஏரியை விளக்குவதற்கே எனக்குப் பாதி நேரம் போய்விட்டது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வெளியே போகக் கலங்கல் என்று கல்லில் தாழ்வாக ஒரு சுவர் இருக்கிறது அல்லவா? மழை பொய்த்த வருஷங்களுக்குப் பிறகு ஏரிப் பாசனத்து விவசாயிகள் அந்தச் சுவர்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். ஒரு முழம் தண்ணீர் கூட நின்றால் இன்னொரு போகம் நெல் எடுக்கலாம். இதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் போய்ச் செய்வதுதான். கடைசி மூட்டையை வைத்ததும் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அந்த ஒரு முழத் தண்ணீரின் பாரத்தையும் கரைதான் தாங்க வேண்டும் என்பதை யாரும் பேசியதில்லை. கரைக்குக் கீழே நம் ஏரிக்கரைத் தெரு. வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கரைமேல் மேய்கிற மாட்டின் வயிறு தெரியும். அத்தனை பள்ளத்தில் இருந்துகொண்டு நாமும் ஒருநாளும் பயந்ததில்லை.

மாணிக்கண்ணன் வீட்டு நிச்சயதார்த்தத்தன்றுதான் முதல் பயம். அவர் உங்களுக்கு அரைக்கால் சட்டைக் காலத்துக் கூட்டாளி. நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். உங்களை மச்சான் என்பார், என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய ஒரே பெண் சுமதிக்குச் செங்கம் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. புயல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. குறித்த நாளை மாற்றக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் நனைந்துகொண்டே வந்துவிட்டார்கள். நீங்கள் ஒரு ஸ்பீக்கரை அவர் வீட்டு வாசலிலும், இன்னொன்றைக் கரைமேல் இருந்த பனைமரத்திலும் கட்டியிருந்தீர்கள். மரத்து ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று பார்க்கக் கரைமேல் ஏறினீர்கள்.

நீங்கள் திரும்பி இறங்கி ஓடிவந்ததை நான் பந்தலிலிருந்து பார்த்தேன். வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தீர்கள். உள்ளே இரண்டு சம்பந்திகளும் தாம்பூலத் தட்டின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்திருந்தார்கள். பாட்டு பாதியில் நின்றது. “கரைக்கு மேல தண்ணி தளும்புது. அடியில சேறு கொப்புளிக்குது. கரை தாங்காதுங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க. கொழந்தைங்கள மொதல்ல தூக்குங்க. சாமான் சட்டு எதுவும் எடுக்காதீங்க” என்று உங்கள் குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. தட்டு கீழே விழுந்தது. தேங்காய் உருண்டது. வெற்றிலையை மிதித்துக்கொண்டு எல்லோரும் வெளியே பாய்ந்தோம்.

அந்தக் குரல் வயல்காட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. பயந்துபோன விவசாயிகள் கலங்கலுக்கு ஓடி, அடுக்கிய மூட்டைகளை அவர்களே பிடுங்கிப் போட்டார்கள். தேங்கிய தண்ணீர் கலங்கல் வழியாகப் பாய்ந்து போனது. மழையும் சாயங்காலம் விட்டது. கரை தப்பியது. மறுநாள் நாமெல்லாம் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது தெரு போட்டது போட்டபடி இருந்தது.

உடையாத ஏரியைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மூட்டையைப் பிடுங்கியதால்தான் கரை நின்றது, நீங்கள் கத்தியதால்தான் மூட்டையைப் பிடுங்கினார்கள் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையே! ஏதோ அவர்களை நீங்கள் ஏமாற்றிவிட்டதுபோல முறைத்தார்கள். “தட்டு மாத்தற நேரத்துல இப்பிடி ஒரு வார்த்த காதுல வுழுந்துடுச்சு. இதுக்கு மேல இந்தச் சம்மந்தம் எப்பிடிங்க?” என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தம் முறிந்தது.

மாணிக்கண்ணன் நம் வாசலுக்கு வந்து நின்றார். குடித்திருக்கவில்லை. கத்தவுமில்லை. “ஒரு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா மச்சான்? தட்டு மாறியிருக்கும். அப்புறம் கத்தியிருந்தா இன்னா கொறஞ்சிபூடும்?” என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏண்ணா, உங்க தட்டு மாறுற வரைக்கும் ஏரி நிக்குமா?” என்று கேட்டேன். “நீ உள்ள போ தங்கச்சி” என்றார். அதற்குப் பிறகு அவர் நம்மோடு பேசவில்லை.

பேசாமல் போனது அவர் மட்டுமா? “அந்த மைக்கு வேணாம்பா, நல்ல காரியம் பண்றோம்” என்ற பேச்சு ஊர் ஊராகப் போனது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போளூரிலிருந்து வேறு செட் வரவழைத்தார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் உங்களைக் கூப்பிட்டார்கள். டீக்கடையில் “இன்னா மைக்கு, ஏரி இன்னிக்கா நாளைக்கா?” என்று கேட்பார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவீர்கள்.  “சிரிக்காதீங்க, அவனுங்க மூஞ்சில டீய ஊத்திட்டு வாங்க” என்றால், “வுடு சரோ, ஒருநாளைக்குப் புரியும்” என்பீர்கள். நீங்கள் ஒரு மண்டு. ஊருக்குப் புரியும் என்று நம்புகிறவன் மண்டு இல்லாமல் வேறு யார்?

சுமதிக்கு மட்டும் உங்கள்மேல் கோபம் இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் பின்பக்கமாக வருவாள். “மாமா, அன்னிக்குப் போட்ட பாட்ட முழுசா ஒருநாள் போடுங்களேன்” என்று கேட்டிருக்கிறாள். “ஒன் கல்யாணத்துல போடறேண்டா” என்றீர்கள். அடுத்தடுத்து வந்த வரன்கள் எல்லாம் பழைய கதையைக் கேட்டுத் திரும்பிப் போயின. சில வருஷம் கழித்து ஒரு நல்ல இடம் அமைந்தது. தை மாதம் கல்யாணம். அதைச் சொல்ல வந்தவள் சட்டென்று உட்கார்ந்து அழுதாள். “அப்பா போளூர் செட்டுக்குச் சொல்லிட்டாரு மாமா” என்றாள். நீங்கள் அவளுக்குச் சமாதானம் சொன்னீர்கள். அவள் போன பிறகு ஆம்ப்ளிஃபையரைத் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அந்த வருஷம் தீபம் முடிந்து நீங்கள் பஸ்ஸில் திரும்பி வந்தபோது மறுபடியும் மழை. தேரடித் தெருவில் நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கரையைப் பார்த்துவிட்டு நேராக விவசாயிகளிடம் போனீர்கள். கலங்கலில் மறுபடியும் மூட்டை. “போன தடவ உன் பேச்சக் கேட்டு எடுத்தோம். தண்ணி வீணா ஓடிச்சு, ரெண்டாம் போகம் காஞ்சிச்சு. இந்தத் தடவ தொட மாட்டோம்” என்றார்கள். அவர்கள் கொடியவர்கள் இல்லை. போகம் காய்ந்த அந்த வருஷம் அவர்கள் வீட்டில் உலை கொதிக்காத நாட்கள் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து, “பசங்கள இட்டுக்குனு பள்ளிக்கூடத்துக்குப் போ” என்றீர்கள். தள்ளுவண்டியில் பேட்டரியை வைத்து, ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினீர்கள். மத்தியான வேளை. உங்கள் குரல் கிழிந்த சாக்கை இழுப்பதுபோல இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது, நான் சாட்சி. வாசலில் நின்று சிரித்தார்கள். “மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருடா!” என்றார்கள். “பள்ளிக்கூடத்துல புளிசாதம் உண்டா மைக்கு?” என்று ஒருத்தர் கேட்டார். கைக்குழந்தைக்காரர்கள் சிலர் மட்டும் என் பின்னால் வந்தார்கள். நீங்கள் மாணிக்கண்ணன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினீர்கள். சுமதி வாசலுக்கு வந்தாள். அவர் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டில் அந்தக் குரல் விழக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். நீங்கள் கதவைத் தட்டினீர்கள். திறக்கவில்லை. வேறு வீடுகளையும் பார்க்க வேண்டுமே என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனீர்கள்.

மேட்டிலிருந்து நான் பார்த்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கூட்டத்திலும் சொல்லவில்லை. மதகுக்குப் பக்கத்தில் கரை ஒரு கதவு அகலம் சரிந்தது. பிறகு ஒரு வீட்டு அகலம். சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. தெருவின் அந்தக் கோடியில் கூரைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. நீங்கள் வண்டியை விட்டுவிட்டு யாரோ ஒரு கிழவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடிவந்தீர்கள். வந்து இறக்கிவிட்டதும் திரும்பிப் பார்த்தீர்கள். அதற்குள் தெரு இல்லை.

மாணிக்கண்ணனைத் தண்ணீர் ஒரு புளியமரத்தில் கொண்டுபோய் மாட்டியது. அவர் பிழைத்தார். சுமதியும் அவள் அம்மாவும் தண்ணீர் வடிந்த பிறகு வயல் வேலியோரம் கிடைத்தார்கள். இன்னும் சிலரும் போனார்கள். அவர்கள் பெயர்களை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, உங்களுக்கே தெரியும். போளூர் செட்டுக்குக் கொடுத்த முன்பணத்தை அந்தச் செட்காரர் மாணிக்கண்ணனிடம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இடிந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

காரியம் முடிந்து மாணிக்கண்ணன், நின்ற சுவர்மேல் நாம் புதுக் கூரை போட்டிருந்த நம் வீட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். “கொரலு கேட்டுது மச்சான். நல்லா கேட்டுது. கேட்டதாலதான் கதவ சாத்துனேன்” என்றார். எழுந்து போனார். அவர் அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார் என்றுதான் எனக்குப் பட்டது. நீங்களோ அதை உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள். சேற்றிலிருந்து தோண்டியெடுத்துச் சரிசெய்து வைத்திருந்த ஸ்பீக்கரையும் பெட்டியையும் மறுநாள் பரண்மேல் ஏற்றினீர்கள். தீபத்துக்குக் கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

நம் சண்டை அங்கேதான் தொடங்கியது. “மொத தடவ பாட்டு முடியற வரைக்கும் பொறுத்திருக்கணும் சரோ. இல்லாட்டி உள்ள போய்ப் பெரியவங்க காதுல சொல்லியிருக்கணும். மைக்குல கத்தியிருக்கக் கூடாது. கத்தாம இருந்திருந்தா ரெண்டாம் தடவ அந்தக் கதவு தொறந்திருக்கும்.” சோற்றில் கை வைத்துக்கொண்டு சொல்வீர்கள், தூக்கத்திலிருந்து எழுந்து சொல்வீர்கள். “பாட்டு முடியறதுக்குள்ள கரை போயிருந்தா?” என்று கேட்பேன். “போவலியே” என்பீர்கள். போகாததற்குக் காரணம் நீங்கள் என்று சொன்னால் காதில் ஏறாது. ஊர் உங்களைப் பற்றிச் சொன்ன கதையை ஊரே மறந்த பிறகும் நீங்கள் மட்டும் நம்பிக்கொண்டிருந்தீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுனாமி வந்த அன்று டீவி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கடல் உள்வாங்கியதும் துள்ளுகிற மீனைப் பொறுக்க ஜனங்கள் இறங்கிப் போனார்கள் என்று யாரோ அழுதுகொண்டே சொன்னார்கள். நீங்கள் மெல்லச் சொன்னீர்கள்: “பாவம், அவங்களுக்குச் சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல. இங்க ஆளு இருந்தான்.” நான் அடுப்படியில் நின்றபடி கேட்டேன். வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று நான் சண்டை போடவில்லை. அதற்கு அடுத்த கோடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சுமதியைக் கொன்றது நான்தான் என்ற எண்ணத்தோடுதான் போனீர்கள். எனக்கு உங்கள் சாவைவிட அதுதான் பெரிய துக்கம்.

பிறகு ஒருநாள் நம் ஊருக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுக்க என்று ஒரு இளம்பெண் வந்தாள். நல்ல பெண். வெயிலில் வந்தவள் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பெரிய தாளைச் சுவரில் ஒட்டினாள். “இதுவரைக்கும் வந்த பேரிடர்கள்ல இருந்து நாம கத்துக்கிட்டது என்னம்மா?” என்று கேட்டாள். மரம் நட வேண்டும் என்றார் ஒருவர். டார்ச் லைட் வைத்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். நான் எழுந்துவிட்டேன். “முன்கூட்டியே சொன்ன ஆள ஊரு இன்னா பண்ணுச்சுனு எழும்மா அதுல. சொன்னது நடக்கலைன்னா அவன் சோத்துல மண்ணப் போட்டாங்கனு எழுது. அடுத்த தடவ அவன் கொரலு கேட்டு சிரிச்சாங்கனு எழுது” என்றேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “அப்போ சொல்றவர் தனியா நிக்கக் கூடாது, இல்லம்மா?” என்று கேட்டாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாணிக்கண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

போன கார்த்திகையில் அடைமழை பிடித்தது. கலங்கலில் இப்போது மூட்டை இல்லை, கரையையும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மேல் ஏரிகள் நிரம்பித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கரையில் ஒரு இடத்தில் ஈரம் கசிந்தது. சாயங்காலம் மாணிக்கண்ணன் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, மைக்க எடு.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “எதுக்குண்ணா? அவரு வாங்குன பேச்செல்லாம் பத்தலியா? நானும் வாங்கணுமா?” என்றேன்.

“பேச்ச நான் வாங்கிக்கறேன். நீ மைக்க எடு” என்றார்.

பரணில் அவரே ஏறினார். பெட்டியைத் துடைத்து, ஆட்டோ ஓட்டுகிற வேலுவின் பேட்டரியை மாட்டினோம். நான் வாழ்க்கையில் மைக்கில் பேசியதில்லை. மைக்கை ஸ்பீக்கருக்கு நேராக நீட்டாமல் திருப்பிப் பிடித்தேன். பிறகு நீங்கள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்: பள்ளிக்கூடத்துக்குப் போங்க, கொழந்தைங்கள மொதல்ல தூக்குங்க, சாமான் எடுக்காதீங்க. என் குரலுக்கு முன்னால் மாணிக்கண்ணன் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். யாராவது தயங்கினால் அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அவரைப் பார்த்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தாள். தீட்டு கழியவில்லை, பச்சை உடம்பு, மழையில் எப்படி வெளியே கூட்டிப் போவது என்று மாமியார் வாசலை மறித்தாள். “தீட்டு என்னோட போவட்டும்மா. புள்ளைய எங்கிட்ட குடு” என்று கையை நீட்டினார். மாமியார் அவரையே பார்த்தாள். பிறகு குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். தன் தலையிலிருந்த சாக்கை எடுத்து அதன்மேல் போர்த்திக்கொண்டு, அவர் நனைந்தபடி மேட்டுக்கு நடந்தார். தெருவில் விளக்கு எரிகிற வீடு ஒன்றும் மிச்சமில்லை.

கரை நின்றது. ஆமாம், இந்தத் தடவையும் உடையவில்லை.

விடிந்ததும் பள்ளிக்கூட வராண்டாவில் எல்லோரும் கையையும் காலையும் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அது வந்தது. வேலுதான் ஆரம்பித்தான். “இன்னாக்கா, ஏரி வருது ஏரி வருதுன்னீங்க, கொசுதான் வந்துச்சு!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடை வாசலில் நீங்கள் சிரித்த முகம் அப்படியே கண்முன்னால் வந்தது.

மாணிக்கண்ணன் அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தார். நிமிர்ந்து, “கடிச்ச எடத்த சொறியறதுக்குக் கை இருக்குது இல்ல? சொறிஞ்சிக்கினு வூட்டுக்குப் போடா” என்றார்.

வேலு தலையைச் சொறிந்தான். அதைப் பார்த்து மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள், மாணிக்கண்ணனும்தான். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை காலம்! நான் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். இந்தச் சிரிப்புக்காகத்தானே நீங்கள் பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்கள்? அன்றைக்கும் ஊர் இப்படித்தான் சிரித்தது, அத்தனை பேரும் உயிரோடு இருந்து சிரித்தார்கள், சுமதியும் இருந்தாள். அவளுக்கு அந்தச் சில வருஷங்களைக் கொடுத்தது உங்கள் குரல். இதை நான் உங்களிடம் சண்டையில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கே தெரியவில்லை.

மைக் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் மறுபடியும் கத்துவேன், மறுபடியும் சிரிப்பார்கள். அன்று காலை சிரித்து முடித்துவிட்டு எல்லோரும் மேட்டிலிருந்து இறங்கினார்கள். ஈரமான விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டினார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் புகை வந்தது.